பீலியடியில் மோசே

மத்தியஸ்த சபைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குப் பயிற்சியில் கதிரைகளைப் பற்றி நிறையச் சொல்லியிருப்பார்கள். வட்டமாகப் போட வேண்டும், நடுவில் மேசை இருக்கக் கூடாது, எல்லோரும் ஒரே உயரத்தில் அமர வேண்டும். எங்கள் சபை ஞாயிற்றுக்கிழமைகளில் கடுகண்ணாவைப் பக்கம் ஒரு பாடசாலையில் கூடியது. எங்களுக்குக் கிடைத்தது முதலாம் வகுப்பு அறை. அங்கிருந்த கதிரைகள் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கானவை. எல்லோரும் ஒரே உயரத்தில்தான் அமர்ந்தோம். முழங்கால் தாடையில் இடித்தது. அப்படி உட்கார்ந்துகொண்டு ஒரு மனிதரால் நீண்ட நேரம் கோபமாக இருக்க முடியாது என்பதைப் பயிற்சி கொடுத்தவர்கள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

நான் தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். அதன் பிறகு மத்தியஸ்தராகச் சேர்ந்தேன். பஸ் காசு மட்டும் தருகிற வேலை. போன வருடம் முழங்கால் போதும் என்று சொன்னதால் அதிலிருந்தும் விலகினேன். ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். அதை இப்போது தையல் மெஷினை மூடப் பாவிக்கிறேன், தூசு படுவதில்லை.

உங்களிடம் தலைமைத்துவம் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குக் கொட்டாவி வரும். அதனால் மோசேயைப் பற்றிப் பேசப் போகிறேன். பயப்படாதீர்கள், பிரசங்கம் இல்லை. நான் கத்தோலிக்கப் பெண்தான், ஆனால் பிரசங்கம் கேட்டே பாதி ஆயுள் போய்விட்டது. அதை உங்களுக்குத் திருப்பிச் செய்ய மாட்டேன்.

எங்கள் கோயிலில் வருடத்துக்கு ஒரு தடவையாவது யாராவது மோசேயின் இளமையை எடுப்பார்கள். ஆற்றில் கூடை மிதந்து வந்தது, அரசன் மகள் தூக்கினாள், அரண்மனையில் வளர்ந்தார், ஆகவே பிற்காலத்தில் பெரிய தலைவரானார் என்று முடிப்பார்கள். கூடையில் கிடந்த குழந்தையிடம் என்ன தலைமைத்துவத்தைக் கண்டார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. குழந்தை அழுதது. எல்லாக் குழந்தையும் அழும். பிற்காலத்துத் தலைவர் தெரிவது வளர்ந்த பிறகு அவர் போய்ச் சிக்கிய தகராறுகளில்தான். அவற்றை ஊன்றி வாசித்துப் பாருங்கள். அடிதடி, தண்ணீர்ச் சண்டை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் முன்னால் வந்து உட்காரும் அதே முறைப்பாடுகள்.

இதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு வழக்கில் தெரியவந்தது.

கடுகண்ணாவைக்குக் கீழே பழைய தோட்டத்து லயம் ஒன்று இருக்கிறது, தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகள். தோட்டம் துண்டு துண்டாக விற்றுப் போய்விட்டது, லயம் மட்டும் மிச்சம். அங்குள்ளவர்களுக்குத் தண்ணீர் ஒரு பீலியில் இருந்து வருகிறது. மலையில் ஊறும் தண்ணீரைக் குழாய் வைத்து ஓரிடத்தில் விழ விடுவார்களே, அதுதான் பீலி. குடிக்க, குளிக்க, துவைக்க எல்லாம் அதுதான். பீலிக்கு மேலே இருந்த காணியை மாரிமுத்து என்பவர் வாங்கி, பூக்கன்று நர்சரி போட்டார். அவர் வெளி ஆள் இல்லை. அதே லயத்தில் பிறந்து, கண்டியில் பூக்கடையில் வேலை செய்து, முன்னுக்கு வந்து திரும்பியவர். குண்டசாலைப் பக்கம் புதிதாக வீடு கட்டுகிறவர்கள் எல்லாம் அவரிடம்தான் கன்று வாங்குவார்கள்.

அந்த வருடம் மழை பிந்தியது. பீலி மெலிந்தது. மாரிமுத்து பீலியின் வாயில் ரப்பர் குழாயை மாட்டி நர்சரிக்கு இழுத்துக்கொண்டார். காலையில் வேலைக்குப் போகிற பெண்கள் குடத்தோடு நின்றால், கன்றுக்கு விட்ட பிறகுதான் என்று அவருடைய வேலையாட்கள் திருப்பி அனுப்பினார்கள். இப்படிச் சில நாள் போனது. ஒரு நாள் காலை அந்த லயத்துப் பெண் ஒருத்தி வெட்டுக்கத்தியோடு வந்து குழாயை அறுத்தாள். சத்தம் கேட்டு இறங்கி வந்த மாரிமுத்துவைக் கன்னத்தில் ஓர் அறை அறைந்தாள். அவர் பொலிசுக்குப் போனார். பொலிஸ் எங்களிடம் அனுப்பியது.

அந்தப் பெண் பெயர் ஸ்டெல்லா. வயது இருபதுகளில். எங்கள் கோயிலில் சிறு பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு எடுப்பவள். அரசாங்கப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்க நியமனம் கிடைத்திருந்தது. அந்த லயத்தில் முதலாவது ஆசிரியை. அடுத்த மாதம் கடமையை ஏற்க வேண்டும், அதற்குப் பொலிஸ் அறிக்கை கொடுக்க வேண்டும். எங்களிடம் இணக்கம் வந்தால் விஷயம் முடிந்தது. வராவிட்டால் இணங்கவில்லை என்று நாங்கள் எழுதிக் கொடுப்போம், அது நீதிமன்றம் போகும், வழக்கு நடக்கிற பெண்ணுக்கு அந்த அறிக்கை சுலபத்தில் வராது. உங்களுக்குத் தெரியும், நமக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இல்லை. இரண்டு பேரும் சரி என்றால் எழுதலாம். அவ்வளவுதான் நம் ஆயுதம்.

இரண்டு தரப்பும் தங்களுக்கு விருப்பமான மத்தியஸ்தரை ஒவ்வொருவராகத் தெரிவு செய்யலாம் என்பது விதி. ஸ்டெல்லா என்னைத் தெரிவு செய்தாள், ஒரே கோயில் என்பதால். மாரிமுத்து கலகெதரையில் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்ற முஸ்லிம் மாஸ்டரைத் தெரிவு செய்தார், தன்னிடம் ரோசாக் கன்று வாங்குகிறவர் என்பதால். ஆள் தெரிவு செய்யும்போது எல்லோரும் தங்கள் ஆளைப் பிடித்துவிட்டதாக நினைப்பார்கள். அரை மணித்தியாலத்தில் இருவரும் வருத்தப்படுவார்கள். மூன்றாவதாக ரயில்வேயில் இருந்த ஒரு சிங்கள ஐயா. தமிழ் விளங்கும், எழுத்து வேலை அவருடையது.

மாரிமுத்து அந்தச் சின்னக் கதிரையில் உட்கார்ந்ததும் போனை எடுத்து நீட்டினார்.

"நான் ஒன்னும் சொல்லல, மிஸ். நீங்களே பாருங்க."

அறைந்ததை யாரோ படம் பிடித்திருந்தார்கள். லயத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டு, அங்கிருந்து அவருடைய வாடிக்கையாளர்கள் வரைக்கும் போயிருந்தது. அறைந்த சத்தம் தெளிவாகக் கேட்டது. பின்னால் தண்ணீர் விழும் சத்தம் அதைவிடத் தெளிவாகக் கேட்டது.

"குண்டசாலையில ஒரு வீட்டுக்கார நோனா போன் எடுத்து, கன்னம் எப்புடின்னு கேக்குது, மிஸ். கன்னு கேக்கல, கன்னத்த கேக்குது."

நான் ஸ்டெல்லாவிடம் திரும்பினேன்.

"அறைஞ்சேன், மிஸ். இல்லேன்னு சொல்லல," என்றாள். "மோசேயும் அடிச்சாருதானே? தன் சனத்த ஒருத்தன் போட்டு அடிக்கிறதப் பாத்துட்டு அவர் சும்மா போகல. போன ஞாயித்துக்கெழமதான் புள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்தேன்."

மாரிமுத்து சைவ சமயத்து ஆள். அவர் என்னைப் பார்த்தார்.

"யாரு அந்த மோசே? எந்தத் தோட்டத்து டிவிசன் ஆளு?"

சிங்கள ஐயா சாட்சியாக இருக்கும் என்று நினைத்துப் பெயரை எழுதிக்கொண்டு, "அவர் இன்னைக்கு வந்திருக்கா?" என்று கேட்டார்.

எனக்கு முன்பாக மாஸ்டர் வாயைத் திறந்தார். "நம்மட மூஸா நபியச் சொல்லுறாங்க," என்று மற்ற இருவருக்கும் விளக்கிவிட்டு ஸ்டெல்லாவிடம் சொன்னார்: "மகள், மூஸா நபி அடிச்சாங்க, உண்மதான். ஆனா அடிபட்ட ஆள் உயிர் போய் மௌத்தானதும் என்ன செஞ்சாங்க? இது ஷைத்தான்ட வேல, நான் எனக்கே அநியாயம் செஞ்சுக்கிட்டேன் எண்டு அல்லாஹ்க்கிட்ட மன்னிப்புக் கேட்டாங்க. அது உங்கட பாடத்துல இல்லயா?"

ஸ்டெல்லா என் முகத்தைப் பார்த்தாள். "எங்க வேதத்துல அது இல்லையே, மிஸ். மணல்ல பொதைச்சாருன்னுதானே இருக்கு?"

"அடிக்க முன்னால ரெண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தாருன்னும் இருக்கு," என்றேன். "நீ பாக்கல. பாத்திருந்தா அந்த போன் தெரிஞ்சிருக்கும்."

இது மத்தியஸ்தர் பேசக்கூடிய பேச்சு அல்ல. நீங்கள் பேசாதீர்கள். ஆனால் மாரிமுத்துவின் தோள் கொஞ்சம் இறங்கியது. என் ஆள் என்று அவள் தெரிவு செய்தவள் அவளுக்காக வாதாட வரவில்லை என்று கண்டதும், அவர் கதை கேட்கிற மனிதராக மாறினார்.

"அப்புறம் அவரு என்னா ஆனாரு?" என்றார்.

இப்படிக் கேட்டால் என்ன செய்வீர்கள்? நேரம் இல்லை, வெளியே வாசலில் இன்னொரு குடும்பம் பலாமரச் சண்டையோடு காத்திருக்கிறது, வழக்குக்கும் கதைக்கும் சம்பந்தமில்லை என்று பயிற்சி பெற்றவர் சொல்லுவார். நான் சொன்னேன், அவர் ஊரை விட்டு ஓடி, மிதியான் என்ற இடத்தில் ஒரு கிணற்றடியில் போய் உட்கார்ந்தார் என்று. "அங்க ஒரு பெரியவர்ட ஏழு பொண்ணுக ஆட்டுக்குத் தண்ணி காட்ட வந்தாங்க."

"ரெண்டு," என்றார் மாஸ்டர்.

"ஏழு, மாஸ்டர்."

"ரெண்டு பேர்தான், மிஸ். குர்ஆன்ல தெளிவா இருக்கு."

மாஸ்டரும் நானும் பல வருடம் ஒரே அறையில் உட்கார்ந்தவர்கள். தேநீருக்குச் சீனி எவ்வளவு என்பதைத் தவிர வேறெதிலும் எங்களுக்குள் கருத்து வேறுபாடு வந்ததில்லை. அன்று இருவரும் அசைவதாக இல்லை. சிங்கள ஐயா பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எண்ணிக்கைக்காகக் காத்திருந்தார்.

மாரிமுத்துவுக்குத்தான் பொறுமை போனது. "ஏழோ ரெண்டோ! அவங்க கியூவுல நின்னாங்களா, இல்லியா?"

"நின்னாங்க," என்றேன். "மொதல்ல வந்து தண்ணி எறைச்சு தொட்டிய நெரப்பினது அவங்கதான்."

"சரி."

"பொறகு மேய்ப்பருங்க வந்து அவங்கள வெரட்டிவிட்டாங்க."

"அது அநியாயம்," என்றார் மாரிமுத்து.

"அநியாயந்தான்."

"எதுக்கு வெரட்டுனாங்க?"

"தங்கட ஆட்டுக்குத் தண்ணி காட்ட."

அவர் யோசித்தார். முழங்காலைக் கையால் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நான் ஆடு வளக்கல," என்றார்.

அவர் ஆடு வளர்ப்பதாக அந்த அறையில் யாரும் சொல்லவில்லை.

இப்போது கவனமாகக் கேளுங்கள், இந்த இடத்துக்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். இத்தனை வருடத்தில் நான் இந்தக் கதையைப் பலருக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். கேட்கிறவர்கள் எல்லோரும் மோசேயாகவே இருப்பார்கள். காணி பிடித்தவரும் மோசே, காணி இழந்தவரும் மோசே. பெண்சாதியை அடித்த ஒருவர் கூடத் தான் மோசே என்றுதான் நினைத்தார். கிணற்றடி மேய்ப்பனின் இடத்தில் தன்னைத் தானே வைத்துப் பார்த்த ஒரே மனிதர் மாரிமுத்து. அவரை அங்கே யாரும் தள்ளவில்லை, தானாக நடந்து போய் நின்றார். இன்னொருவர் ஒரு சொல் சொன்னால் போதும், உடனே வெளியே குதித்துவிடுவார்.

மாஸ்டர் மூச்சை இழுத்தார். எனக்கு அந்த மூச்சு தெரியும். படிப்பித்தவர்கள் எல்லோருக்கும் உள்ள வியாதி அது. அடுத்து 'ஆகவே' வரும். ஆகவே மாரிமுத்து, நீங்களும் அந்த மேய்ப்பர்களைப் போல என்று தொடங்கினால் ஆள் எழுந்து போய்விடுவார், அந்தப் பிள்ளையின் வேலையும் அவரோடு போய்விடும்.

"மாஸ்டர், அந்த ஜன்னலக் கொஞ்சம் திறங்க," என்றேன். "புழுங்குது."

புழுங்கவில்லை. கடுகண்ணாவையில் காலையில் யாருக்கும் புழுங்குவதில்லை. மாஸ்டர் எழுந்து போய்த் திறந்தார். கொக்கி இறுகியிருந்தது, கொஞ்ச நேரம் எடுத்தது. ஆண்டவருக்கு நன்றி.

அந்த நேரத்தில் மாரிமுத்து தானாகப் பேசினார். "பூக்கன்னு ஆடு மாதிரி கத்தாது, மிஸ். வாடித்தான் காட்டும். ரெண்டு நாள் தண்ணி இல்லேன்னா முடிஞ்சுது. அதுல என் ஆளுக நாலு குடும்பம் சாப்புடுது." அது வரைக்கும் கன்னத்தைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்த மனிதர்.

மாஸ்டர் ஜன்னலடியில் நின்றபடியே, 'ஆகவே' இல்லாமல், ஒரே ஒரு விஷயம் சொன்னார். "மூஸா நபி கிணத்தடியில ஆரையும் அடிக்கல்ல. முதல்ல அந்தப் பொண்ணுங்கக்கிட்ட, உங்கட கஷ்டம் என்ன எண்டு கேட்டாங்க."

எங்கள் வேதத்தில் மோசே அங்கே எதுவும் கேட்பதில்லை, எழுந்து நின்று உதவி செய்கிறார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஸ்டெல்லாதான் கேட்டாள். கதிரையைத் திருப்பி, அந்த மனிதரை அன்றைக்கு முதல் தடவையாக நேராகப் பார்த்து: "அண்ணே, ஒங்களுக்கு எத்தன மணிக்குத் தண்ணி வேணும்?"

"வெயில் ஏற முன்னால."

"எங்களுக்கும் அப்பதாண்ணே வேணும்."

"தெரியும்."

"ராத்திரியில பீலி சும்மாதானே ஓடுது?"

அவர் அவளைப் பார்த்தார். ஒரு டேங்க் வைத்து ராத்திரியில் நிரப்பிக்கொண்டால் காலையில் பீலியைத் தொடவே தேவையில்லை என்று அவரே கணக்குப் போட்டுச் சொன்னார். டேங்க் வீட்டில் சும்மா கிடக்கிறதாம். இதை ஏன் முதலிலேயே செய்யவில்லை என்று சிங்கள ஐயா கேட்டார்.

"யாரும் கேக்கலியே, மாத்தயா. வந்தாங்க, அறுத்தாங்க, அறைஞ்சாங்க."

தண்ணீர்த் தகராறோடு வழக்கும் முடிந்தது என்று நான் நினைத்தேன். தண்ணீர் முடிந்ததுதான். மாரிமுத்து கையை உயர்த்தினார். "தண்ணி சரி. கன்னம்?"

மன்னிப்புக் கேட்க வேண்டும். இங்கே இல்லை, அறைந்த இடத்தில், பீலியடியில், லயம் முழுக்க நிற்கும்போது. அதையும் போனில் எடுத்து அதே குழுவில் போட வேண்டும். இல்லாவிட்டால் நீதிமன்றம் என்றார். அவருடைய பக்கத்தில் நியாயம் இருந்தது. ஸ்டெல்லா எழுந்துவிட்டாள். "அப்ப கோட்டுக்கே போவோம்."

தனியாகப் பேச அவளை வெளியே கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் பலாமரக் குடும்பம் இருந்ததால், பாடசாலைக் குழாயடிக்குப் போனோம். அங்கே அவள் அழுதாள். கோபத்தில் அழுகிற பெண் அவள், துக்கத்தில் அல்ல.

"இவ்வளவு நாளும் என்னை லயத்துல படிச்ச புள்ளன்னு ஒரு மாதிரித்தான் பாத்தாங்க, மிஸ். நான் பெரிய ஆளாகிட்டேன், இனிமே கண்டுக்க மாட்டேன்னு பேசுவாங்க. அறைஞ்ச அன்னைக்குத்தான் நான் அவங்க புள்ளன்னு சொன்னாங்க. பாக்கியம் அக்கா என்னைக் கட்டிப்புடிச்சிச்சு. இப்ப போயி அந்தாளு முன்னால நின்னு மன்னிப்புன்னா, எப்புடி மிஸ்?"

வேலையை யோசித்துக்கொள் என்று சொல்லலாம், அது அவளுக்குத் தெரியும். மானத்தை யோசித்துக்கொள் என்று சொல்லலாம், அதுவும் தெரியும். நான் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவச் சொன்னேன். கழுவினாள். கழுவிவிட்டுக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"பாறையையும் அந்தக் கைதானே அடிச்சது?" என்றாள்.

எனக்கு உடனே விளங்கவில்லை.

"மோசே, மிஸ். வயசான காலத்துல. சனத்துக்குத் தண்ணி இல்ல. பாறையோட பேசுன்னுதான் கடவுள் சொன்னாரு. அவரு கோவத்துல கோல எடுத்து அடிச்சாரு. ரெண்டு தரம். தண்ணி வந்துச்சு. ஆனா அதனாலதான் அந்த நாட்டுக்குள்ள போக விடல." மூக்கை உறிஞ்சினாள். "நான் பள்ளிக்கூடத்துக்குள்ள போகணும், மிஸ். அங்க இருக்கிறதெல்லாம் சின்னக் கன்னங்க."

ஒவ்வொரு வருடமும் பிரசங்கம் கேட்டவள் நான். இளமையில் இருந்த நல்லது மட்டும்தான் வளர்ந்து தலைமையாகும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கையும் கூடவே வளரும் என்று ஒருவரும் சொல்லவில்லை. தபால் கந்தோரில் என் கீழ் வேலை செய்தவர்களிடம் கேட்டால் என்னைப் பற்றியும் ஏதாவது சொல்லுவார்கள். உங்களைப் பற்றியும் சொல்ல ஆள் இருக்கும், வீட்டுக்குப் போய் யோசியுங்கள். நாம் இருபத்தைந்து வயதில் சண்டை பிடித்த அதே மாதிரிதான் அறுபதில் சமாதானமும் பேசுகிறோம்.

உள்ளே போய் அவளே சொன்னாள், மன்னிப்புக் கேட்கிறேன் என்று. வீடியோ எடுக்கிறதானால் எடுக்கட்டும் என்றாள்.

அந்தக் கிழமைக்குள்ளேயே ஒரு நாள் காலையில் மாஸ்டரும் நானும் ஒரே த்ரீவீலரில் போனோம். சிங்கள ஐயா இணக்கப் பத்திரத்தோடு பின்னால் பஸ்ஸில் வந்தார். பீலிக்கு இறங்கும் படிக்கட்டில் குடங்களும் கேன்களும் வரிசையாக இருந்தன. அங்கே ஆட்கள் வரிசையில் நிற்பதில்லை, குடம்தான் நிற்கும். ஆட்கள் சுற்றிவர நின்று ஊர்க்கதை பேசுவார்கள். குடம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் அந்த வீட்டுக்காரர்.

மாரிமுத்து சட்டை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு நின்றார். அவருடைய வேலையாள் ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். ஸ்டெல்லா வெறுங்கையோடு படியிறங்கி வந்து அவர் முன்னால் நின்றாள்.

"மாரிமுத்து அண்ணே, ஒங்கள அறைஞ்சது பிழை. என்னை மன்னிச்சிருங்க," என்றாள். கொஞ்சம் நிறுத்திவிட்டு, "தண்ணி கேட்டது பிழையில்ல," என்றாள்.

மாரிமுத்து தலையாட்டினார். அவருக்குப் போதும் என்று தெரிந்தது. நான் சிங்கள ஐயாவிடம் பேனையைக் கொடுக்கச் சொன்னேன். அப்போதுதான் பாக்கியம் என்ற அந்தப் பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஏய் புள்ள! ஒன்ன யாரு மன்னிப்புக் கேக்கச் சொன்னது?"

"அக்கா..."

"என்னாடி அக்கா? நீ அறைஞ்சது ஒனக்கா? எங்க எல்லாருக்கும் சேத்துத்தானே அறைஞ்ச! இப்ப ஒன் வேலைக்காகத் தனியா வந்து மன்னிப்புங்கிற. அப்ப எங்க மானம்? எங்களுக்காக அடிக்கவும் பேசவும் ஒன்ன யாரு வச்சா? நீ என்னா எங்களுக்குத் தலைவியா?"

மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். படித்த திமிர் என்றார் ஒருவர். நாளைக்கு டீச்சரானதும் நம்மை யாரென்று கேட்பாள் என்றார் இன்னொருவர். ஸ்டெல்லாவின் முகத்தில் இரத்தமே இல்லை.

வேலையாள் இதையும் எடுத்துக்கொண்டிருந்தான். மாரிமுத்து திரும்பி, "போனக் கீழ போடுடா," என்றார். அவன் விளங்காமல் பார்த்தான். "போடுன்னு சொல்றேன்ல?" ஸ்டெல்லா முன்பே கையெழுத்துப் போட்டிருந்த பத்திரத்தை வாங்கி, த்ரீவீலர் சீட்டில் வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மேலே நர்சரிக்கு ஏறிப் போய்விட்டார். வீடியோவை விட்டுவிட்டார், கேட்டதில் பாதியைத்தான் அவர் எடுத்துக்கொண்டார்.

மோசேயின் இளமையில் ஒரு சம்பவத்தை நான் அந்த அறையில் மாரிமுத்துவிடம் சொல்லவில்லை. உங்களிடமும் இதுவரை சொல்லவில்லை. எகிப்தியனை அடித்த மறுநாள் அவர் திரும்பவும் வெளியே போகிறார். அன்று சண்டை பிடிப்பது அவருடைய சனமே, இரண்டு பேர். பிழை செய்தவனிடம் ஏன் உன் ஆளையே அடிக்கிறாய் என்று கேட்கிறார். அவன் திருப்பிக் கேட்கிறான், எங்களுக்கு உன்னைத் தலைவனாக வைத்தது யார் என்று. யாருக்காக அடித்தாரோ அந்தச் சனம். அரண்மனைப் பிள்ளை அதற்குப் பதில் சொல்ல முடியாமல் பயந்து போனார். அரசனும் தேடத் தொடங்க, மிதியான் வரைக்கும் ஓடினார். பிறகு அவர் சனத்தை நடத்திய காலமெல்லாம் அதே கேள்வியை வேறு வேறு சொல்லில் கேட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். தண்ணீர் இல்லாத போதெல்லாம் கேட்டார்கள்.

மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. பிள்ளைக்காகப் பேச ஓர் அடி முன்னால் வைத்தார். நான் குடையை அவருக்குக் குறுக்கே நீட்டினேன். நாங்கள் இரண்டு பேரும் வாயைத் திறந்தால் அன்றைக்கே அவள் லயத்துப் பிள்ளை என்பது முடிந்துவிடும், சபைக்காரர்களுடைய பிள்ளையாகிவிடுவாள். அந்தக் குடையை நீட்டிக்கொண்டு நின்றதைப் போலக் கஷ்டமான வேலை நான் செய்ததில்லை.

"யாரும் வக்கல, அக்கா," என்றாள் ஸ்டெல்லா.

சொல்லிவிட்டு மேலே ஏறிப் போனாள். போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன். மாஸ்டர் என்னைக் கோபமாகப் பார்த்தார். த்ரீவீலரைத் திருப்பச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அவள் வீட்டில் இருந்து ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். வரிசையில் கடைசியாக இருந்தது பாக்கியத்தின் நீலக் குடம். அதற்குப் பின்னால் தன் குடத்தை வைத்துவிட்டு, பக்கத்தில் நின்றாள்.

யாரும் அவளோடு பேசவில்லை. பாக்கியம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். முன்னால் ஒரு குடம் நிறைந்தது, எடுத்தார்கள், வரிசை ஒரு படி இறங்கியது. பாக்கியம் தன் குடத்தைக் காலால் முன்னே தள்ளினார். பிறகு, திரும்பிப் பார்க்காமலே, காலைப் பின்னுக்கு நீட்டி, ஸ்டெல்லாவின் குடத்தையும் ஒரு படி இறக்கிவிட்டார்.